வன்னியிலிருந்து உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதும் ஒவ்வொரு வருடமும் என்னுடைய போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். இரவு 11 மணிக்குக் குரல் பதிவாக வரும். பஸ் தரிப்பிடத்தில் மறித்துக் கேட்பார்கள். சில வேளை பிள்ளை கூச்சப்பட்டு அம்மாவை அனுப்பிவிடும். நான் ஒட்டுசுட்டான் பக்கத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை. உயிரியலில் சிறப்புப் பட்டம் முடித்து, இரண்டு வருடம் பல்கலைக்கழகச் செய்முறை வகுப்புகளில் உதவிக்கு நின்றேன். இப்போது உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தனித்தனியே சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

அக்கா, எனக்கு மெடிசின் கிடைக்கவில்லை. உயிரியல் விஞ்ஞானம்தான் வந்திருக்கிறது. போவதா, இன்னொரு தரம் எழுதுவதா?

இதற்குத்தான் ஆறுதலாக இருந்து பதில் சொல்ல வேண்டும். மற்றக் கேள்விகள் பலவற்றுக்குள்ளும் இதுதான் ஒளிந்திருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை 3 தடவைதான் எழுதலாம். இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. இவ்வளவையும் கணக்கில் எடுத்த பிறகும் இசற் புள்ளி (அனுமதிக்காகப் பாடப் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாகக் கணக்கிட்ட புள்ளி) மயிரிழையில் தவறியிருந்தால், வீட்டிலும் இன்னொரு வருடம் தாங்க முடியும் என்றால், எழுதுங்கள். அதில் பிழையில்லை. ஒருமுறை பல்கலைக்கழகத்தில் பதிந்த பிறகு மாறுவதற்கு விதிகள் இருக்கின்றன. எனவே பதிவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

நான் வேண்டாம் என்று சொல்வது ஒன்றைத்தான். உடம்பைக் கம்பஸில் வைத்துக்கொண்டு மனதை மருத்துவபீட வாசலில் விட்டுவிடாதீர்கள். என்னுடைய பச்சில் ஒரு பிள்ளை முதல் அரையாண்டு முழுக்க வெள்ளைக் கோட் வாங்கவில்லை. ‘எப்படியும் நான் போய்விடுவேன்’ என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு செய்முறைக்கும் யாருடையதையாவது இரவல் வாங்கிப் போட்டாள். அளவில்லாத கோட், மடித்துவிட்ட கை. ஒருநாள் வெங்காய வேர்நுனியை நிறமூட்டி, மூடித்துண்டை வைத்துப் பெருவிரலால் நசுக்கிப் பார்க்கும் செய்முறை. எங்கள் எல்லோருக்கும் வெறும் சிவப்புக் குழம்புதான் தெரிந்தது. அவளுடைய வழுக்கியில் மட்டும் ஒரு கலம், நிறமூர்த்தங்கள் இரண்டு பக்கமும் இழுபட்டுப் போகிற அந்த நொடியில் அப்படியே நின்றது. வகுப்பே வரிசையில் நின்று பார்த்தது. அடுத்த கிழமை அவள் சொந்தமாக ஒரு கோட் வாங்கினாள். இப்போது பரம்பரையியலில் மேற்படிப்புப் படிக்கிறாள். எல்லோருக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் வழுக்கியைக் குனிந்து பார்க்காதவருக்கு அது வரவே வராது.

வைத்தியம் உயிரியலின் ஒரு கிளை. நோயாளியின் கட்டிலருகே நிற்பது ஒரு வேலை. அந்த நோய் எந்த நுளம்பில் வந்தது, அந்த நுளம்பு எந்தத் தண்ணீரில் பெருகியது என்று தேடுவது இன்னொரு வேலை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வைத்தியர்கள் மட்டும் நின்று அதைச் சாதிக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் குடம்பி தேடிய பூச்சியியல் ஆட்களும் சேர்ந்தே சாதித்தார்கள். வன்னியில் ஒரு காலத்தில் மலேரியா வராத வீடே இல்லை என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டால் சொல்லுவார்.

வவுனியாவா, யாழ்ப்பாணமா, தெற்கா?

வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். பிரயோக விஞ்ஞான பீடத்தில் சூழல் விஞ்ஞானம் படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் தாவரவியல், விலங்கியல், கடற்றொழில் விஞ்ஞானம் உண்டு. அதன் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பதால், கிளிநொச்சிப் பிள்ளைகள் சைக்கிளிலேயே போய் வரலாம்.

பெயருக்காகத் தெரிவு செய்யாதீர்கள். எந்தப் பாடச் சேர்க்கை இருக்கிறது, நான்காம் வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எந்தத் துறைகள் எடுக்கின்றன என்று அங்கே படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள். தெற்கே போனால் ஆங்கிலமும் சிங்களமும் சீக்கிரம் வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முதல் மூன்று மாதம் தனிமையாக இருக்கும்.

மூன்று வருடமா, நான்கு வருடமா? ஜிபிஏ என்றால் என்ன?

மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 மணி நேர உழைப்பு. ஜிபிஏ என்பது உங்கள் பாடத் தரங்கள் எல்லாவற்றினதும் சராசரி, 4.00 க்குக் கணக்கிடப்படும். பெரும்பாலும் 3.70 க்கு மேல் முதல் வகுப்பு, 3.30 இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 கீழ்ப்பிரிவு, 2.00 சாதாரண சித்தி.

பல பீடங்களில் இரண்டாம் வருட முடிவில் உள்ள புள்ளிகளை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். அதனால் முதலாம் வருடம் ‘சும்மா’ வருடமில்லை. இதைச் சீனியர் அண்ணாமார் மாற்றிச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். ஆராய்ச்சிக்கோ வெளிநாட்டு மேற்படிப்புக்கோ போக நினைத்தால் நான்கு வருடம் படியுங்கள். வீட்டில் உடனே உழைக்க வேண்டிய நிலை என்றால் மூன்று வருடத்தோடு வருவதில் ஒரு குறைவும் இல்லை.

தமிழில்தான் உயர்தரம் படித்தேன். விரிவுரை ஆங்கிலத்தில். முதல் கிழமையே ஒன்றும் விளங்கவில்லை.

எனக்கும் விளங்கவில்லை. விரிவுரையாளர் ‘மைட்டோகொண்ட்ரியா’ என்று சொல்லிக்கொண்டே போனார். அது நான் இரண்டு வருடம் வரைந்து வரைந்து கை ஓய்ந்த இழைமணிதான் என்று தெரிய எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

பிறகுதான் ஒரு விசயம் பிடிபட்டது. கிரேக்கத்தில் ‘மைட்டோஸ்’ என்றால் இழை, ‘கொண்ட்ரியன்’ என்றால் சிறுமணி. இழைமணி! நம்முடைய கலைச்சொல்லை ஆக்கியவர்கள் அந்தப் பெயரின் வேரைப் பார்த்தே ஆக்கியிருக்கிறார்கள். ‘ஹைட்ரோ’ நீர், ‘லைசிஸ்’ பகுப்பு, அதனால் ஹைட்ரோலிசிஸ் நீர்ப்பகுப்பு. ‘போட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ தொகுப்பு, அதனால் ஒளித்தொகுப்பு. தமிழில் படித்த பிள்ளைக்கு அர்த்தம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்த பிள்ளை அந்தச் சொல்லை வெறும் ஓசையாகத்தான் பாடமாக்கும். ஆகவே கூனிக் குறுகி இருக்க வேண்டியதில்லை.

ஒரு சிஆர் கொப்பியை மூன்று நிரலாகப் பிரியுங்கள். ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பக்கத்தில் சின்னப் படம். ஒரு நாளைக்கு 10 சொல் போதும். வேர்ச்சொற்கள் ஒரு 100 தெரிந்தால் புதுச்சொல் வரும்போது நீங்களே பிரித்துப் பார்ப்பீர்கள். அடுத்த நாள் விரிவுரையின் பகுதியை முதல்நாள் இரவே பாடப்புத்தகத்தில் ஒருதரம் வாசியுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. சொற்கள் கண்ணுக்குப் பழகியிருந்தால் அடுத்த நாள் காது பிடித்துவிடும்.

பேசுவதற்கும் எழுதுவதற்கும் வேறு வழியில்லை, பிழையாகத் தொடங்கத்தான் வேண்டும். செய்முறை அறிக்கையை யாருடையதையாவது பார்த்துக் கொப்பி அடித்தால் அந்த வாரம் தப்பலாம். நான்காம் வருட ஆய்வறிக்கை எழுதும்போது கையில் ஒரு வசனமும் இருக்காது. ஏஐயிடம் எழுதுவித்தாலும் அதே கதைதான். விளங்காத பந்தியை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுதுவதை நீங்களே எழுதுங்கள்.

உயிரியல் எடுத்ததே கணிதத்துக்குப் பயந்துதான். இங்கே புள்ளிவிபரவியல் வைத்திருக்கிறார்களே?

வைத்திருக்கிறார்கள், அது இல்லாமல் உயிரியலே இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன், இதை மறக்காதீர்கள்.

வீதியோர வேம்பின் இலைகள் வயலோர வேம்பின் இலைகளைவிடச் சிறியவையா என்று பார்க்க நினைக்கிறீர்கள். வீதியோரம் ஒரு வேம்பில் 30 இலை, வயலோரம் ஒரு வேம்பில் 30 இலை பறித்து அளக்கிறீர்கள். உங்களிடம் எத்தனை மாதிரி இருக்கிறது? 60 என்று சொல்லுவீர்கள். உண்மையில் இருப்பது இரண்டு மரம், பக்கத்துக்கு ஒன்று. அந்த வேம்பு வயதானதாக இருந்தாலோ, ஆடு கடித்துத் துளிர்த்ததாக இருந்தாலோ 30 இலையும் சேர்ந்து பொய் சொல்லும். ஒவ்வொரு பக்கமும் 10 மரத்தில் 3 இலைவீதம் பறித்திருந்தால் உழைப்பு அதேயளவுதான், ஆனால் பதில் நம்பக்கூடியது. நான் உதவிக்கு நின்ற காலத்தில் பார்த்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கின. இதைத் திருத்தக் கணிதம் தேவையில்லை, இலை பறிக்கப் போவதற்கு முன் ஒருதரம் யோசித்தால் போதும்.

கணக்குப் போடுவதற்கு ‘ஆர்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய லப்டொப்பிலும் ஓடும். இரண்டாம் வருட விடுமுறையில் பழகத் தொடங்குங்கள்.

எப்படிப் படிப்பது? ரியூசன் இல்லையே.

செய்முறையையும் விரிவுரையையும் இரண்டு பாடமாக நினைக்காதீர்கள். தவளையின் இதயத்தை வரைந்த அன்றிரவே குருதிச் சுற்றோட்டம் வாசித்தால் பரீட்சைக்கு முதல்நாள் திரும்ப மனனம் செய்யத் தேவையில்லை. படம் வரையும்போது புத்தகப் படத்தை வரையாமல் நுணுக்குக்காட்டியில் தெரிவதை வரையுங்கள். கிழிந்த இழையம் என்றால் கிழிந்ததை வரையுங்கள். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து, புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தோழிக்கு விளக்கிப் பாருங்கள். எங்கே வாய் தடக்குகிறதோ அங்கேதான் படிக்க இருக்கிறது.

80 வீத வரவு பெரும்பாலும் கட்டாயம். சுகமில்லை என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுங்கள். அம்மாவின் வருத்தத்துக்கு ஊருக்கு வந்து நின்று, தாளைப் பிந்திக் கொடுத்து ஒரு அரையாண்டை இழந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஒரு பாடத்தில் விழுந்துவிட்டேன். வீட்டுக்கு எப்படிச் சொல்வது?

சொல்லுங்கள். நானும் பௌதிக இரசாயனத்தில் விழுந்துதான் எழும்பினேன். திரும்ப எழுதும்போது பல பீடங்களில் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதனால் ஜிபிஏ கொஞ்சம் இறங்கும். உலகம் முடியாது. நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது பாடப் பிரச்சினை இல்லை. மாணவர் ஆலோசகரிடமோ பல்கலைக்கழக வைத்தியரிடமோ போங்கள். வன்னிப் பிள்ளைகள் சுமந்து வரும் கதைகள் சிறியவை இல்லை. அதைப் பேசுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

பகிடிவதை?

1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். நடந்த நாளையும் இடத்தையும் எழுதி வைத்து முறையிடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சேர், மிஸ்ஸிடம் போய்ப் பேசப் பயமாக இருக்கிறது.

‘ஒன்றும் விளங்கவில்லை’ என்று போனால் அவர்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘இந்தப் படத்தில் இதுவரை விளங்குகிறது, இந்த அம்புக்குறிக்குப் பிறகு விளங்கவில்லை’ என்று கொப்பியோடு போங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும், உங்கள் முகமும் அவர்கள் மனதில் நிற்கும். பின்னாளில் சிபாரிசுக் கடிதம் எழுதுபவர்கள் அவர்கள்தான். முகமே தெரியாத பிள்ளைக்கு என்ன எழுதுவது?

நான்காம் வருட ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்? ஆய்வு என்றால் கொழும்பில்தான் செய்யலாமா?

இந்தக் கேள்வி வந்தால் நான் பாயை விரித்து இருந்துவிடுவேன்.

போர் நடந்த காலத்தில் பதிவெடுக்க ஆய்வாளர்கள் எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு இருக்கிற தாவரப் பட்டியல், பறவைக் கணக்கு, மீன் அளவு எல்லாவற்றிலும் வன்னிக்கு நேரே நீண்ட வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்பக்கூடிய பிள்ளை குளக்கட்டில் நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைதான்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை என்று குளங்கள் இருக்கின்றன. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை, நாங்கள் ஜப்பான் மீன் என்று சாப்பிடுவதை, விரால், கெளிறு பிடிபடும் அளவோடு ஒப்பிட்டு ஒரு சிறு குளத்தில் ஒரு வருடம் எண்ணினாலே நல்ல ஆய்வு. மன்னாரில் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம் (உலக முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிட்ட ஈரநிலம்), பூநாரை வரும் இடம். நந்திக்கடல், கொக்கிளாய், நாயாறு களப்புகளில் கண்டலும் இறாலும். மன்னாரில் 2017 இல் இலங்கைக்கே புதிதாகப் பதிவான, மலேரியா பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு, கிணற்றிலும் தொட்டியிலும் பெருகுவது. வவுனியாப் பக்கத்தில் காரணம் சரியாகத் தெரியாமல் வரும் சிறுநீரக நோய்க்கு வைத்தியர்கள் மட்டும் விடை தேடினால் போதாது. ஆனால் மனிதரிடம் இரத்தமோ சிறுநீரோ எடுப்பதென்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

பெரிய கருவியே வேண்டாத தலைப்பும் இருக்கிறது. பாலைப்பழம் ஒரு வருடம் அள்ளிக் கொட்டும், இன்னொரு வருடம் பொய்க்கும். ஏன்? மழையா, வெயிலா, மரத்தின் வயதா? 20 பாலை மரத்துக்கு இலக்கம் போட்டு, பூ, பிஞ்சு, பழம் என்று கிழமைக்கு ஒருதரம் எழுதினால் தொடங்கிவிட்டது. முதலாம் வருடமே தொடங்கினால் நான்காம் வருடம் உங்களிடம் நான்கு வருடத் தரவு இருக்கும், அது இலேசில் யாரிடமும் கிடைக்காது.

அதற்குப் பழக்கம் வேண்டும். என்னுடைய பழைய கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘காலை 6.20. முத்தையன்கட்டு, துருசுக்குப் பக்கம். முகில். காற்றில்லை. நீர்க்காகம் 14, மூன்று சிறகு விரித்தபடி. பெரிய கொக்கு 2. எருமை இறங்கியதும் எல்லாம் எழும்பின.’ இவ்வளவுதான். நாள், நேரம், இடம், எண்ணிக்கை. அழகாக எழுத வேண்டியதில்லை. பென்சிலால் எழுதுங்கள், பேனை மை மழையில் கரைந்துவிடும்.

காட்டுக்குள் தனியே போகலாமா? பெண்பிள்ளை என்றால் வீட்டில் விடமாட்டார்கள்.

ஆணோ பெண்ணோ தனியே போக வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கும் பக்கம், மிதிவெடி அகற்றி முடித்ததாக ஊரில் சொன்னாலும் உறுதியாகத் தெரியாத பக்கம், எந்த அரிய தாவரத்துக்காகவும் கால் வைக்காதீர்கள். மழை வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றும். கிராம அலுவலரையும் அந்தக் காட்டுக்குப் போய்வரும் தேன் எடுப்பவரையும் கேட்டு, அவர்கள் நடக்கும் பாதையில் நடவுங்கள். அந்தியில் யானைப் பாதையில் நிற்காதீர்கள். புடையன் கடித்தால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வயலிலும் சேற்றிலும் இறங்குவதென்றால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். என்னுடைய அம்மா இரண்டாவது நாளே எனக்கு முன்னால் நடந்தா. எந்த மரம் விண்ணாங்கு, எது வீரை என்று சொல்லித் தந்ததும் அவதான்.

சரணாலயத்திலும் ஒதுக்கக் காட்டிலும் ஒரு இலை எடுப்பதென்றாலும் வனஜீவராசிகள் அல்லது வனத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம், மூன்றாம் வருடமே விண்ணப்பியுங்கள்.

காசு இல்லை, லப்டொப் இல்லை.

மகாபொல புலமைப்பரிசில், அது இல்லாவிட்டால் பல்கலைக்கழக உதவித்தொகை, இரண்டுக்கும் திகதி தவறாமல் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். முதலாம் வருடத்துக்கு நூலகக் கணினி போதும். கோட், வெட்டும் கருவிப்பெட்டி எல்லாம் முடித்துப் போகும் அக்காமாரிடம் கேட்டால் தருவார்கள்.

வேலை கிடைக்குமா?

ஆசிரியர் வேலை எல்லோருக்கும் தெரிந்தது. வன்னிப் பாடசாலைகளில் உயிரியலுக்கு நல்ல ஆள் தேவை, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அது தவிர, நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, விவசாய ஆராய்ச்சி நிலையங்கள், கடலுணவுத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாடு, கடலட்டைப் பண்ணைகள், நிருவாக சேவைப் பரீட்சை. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்ய வேறு தகைமை வேண்டும். இந்தப் பட்டத்தோடு நேரே போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேற்படிப்புக்குப் பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது.

உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்கு 14 மாதம் எடுத்தது. ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதவும், தரவைக் கணக்கிட்டுக் காட்டவும், வெயிலில் நின்று வேலை செய்யவும் தெரிந்த பட்டதாரியைத் தேடுகிற இடங்கள் இருக்கின்றன என்று மட்டும் தெரியும்.

‘என்ன படிக்கிறாய், டொக்டருக்கா?’ என்று ஊரில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அப்பாவும் இரண்டு வருடம் ஊராருக்கு ‘சயன்ஸ்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலபோகத்தில் எங்கள் வயலில் அங்கங்கே வட்டமாகக் கருகத் தொடங்கியது. அறக்கொட்டி, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. நான் பத்து மடங்கு காட்டும் கைவில்லையோடு வயலில் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பயிரின் அடியை விலக்கி அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். கபில நிறத்தில் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒட்டிக்கொண்டு நின்றன. சிலவற்றுக்கு நீண்ட சிறகு, சிலவற்றுக்குக் குட்டைச் சிறகு. நீண்ட சிறகு பறந்து வந்தது, குட்டைச் சிறகு இங்கேயே பிறந்து பெருகுவது என்று சொன்னேன். பக்கத்தில் ஒரு சிலந்தி அதில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்தச் சிலந்திதான், பிறகு அறக்கொட்டியைத் தடுக்க ஆளில்லை, யூரியாவைக் கூட்டினால் இன்னும் பெருகும் என்றும் சொன்னேன்.

அப்பா நெடுநேரம் குனிந்தபடி நின்றார். நிமிர்ந்து, வில்லையைச் சாரத்தில் துடைத்து, வரம்பில் நின்ற பக்கத்து வயற்கார மாமாவைக் கூப்பிட்டார்.

‘இஞ்ச வா, பிள்ளை என்ன படிக்கிறாள் எண்டு கேட்டனீயெல்லே. வந்து பார்.’